தில்லை நகரிலிருந்து மரபணு படிக்கச் சில யோசனைகள்

முதலில் திருச்சி தில்லை நகரில் வீடு பிடியுங்கள். எந்த கிராஸாக இருந்தாலும் சரி. மாடியில் டாக்டர், கீழே மெடிக்கல் ஷாப், எதிரே ஸ்கேன் சென்டர் என்று இருக்கிற ஏரியாவில் மாலிக்யூலர் பயாலஜி படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. உங்களுக்கு நீட்டில் மார்க் குறைந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் தாங்களே முடிவுசெய்து, அனுதாபத்தோடு காபி கொடுப்பார்கள். மறுக்காமல் குடித்துவிடுங்கள். மறுத்தால், "சீட் கிடைச்சிருந்தா போயிருக்க மாட்டியா தம்பி?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்வது காபி குடிப்பதைவிடக் கஷ்டம்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டால் ஜீன், குரோமோசோம் என்று ஆரம்பிக்க வேண்டாம். "கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த பிசிஆர் டெஸ்ட்" என்றால் போதும். கேரி முல்லிஸ் 1983இல் பிசிஆரை யோசித்தார், 1993இல் நோபல் வாங்கினார். ஆனாலும் தெருமுனை டீக்கடையில் சிடி வேல்யூ பேச 2020 வரவேண்டியிருந்தது. அதற்குமுன் படித்தவர்கள் பாவம், சைகையிலேயே விளக்கினார்கள்.

இனி ஆய்வகம். பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்றால் ஏர்போர்ட்டைத் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில் போகவேண்டும். பஸ்ஸில் தூங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே நுழைந்ததும் பைப்பெட் பிடிக்கவேண்டும். ஒரு சிறு குழாயில் 25 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் அரைச் சொட்டு. அதற்குள் டிஎன்ஏ, இரண்டு பிரைமர், நியூக்ளியோடைடுகள், மெக்னீசியம் கலந்த பஃபர், டாக் பாலிமரேஸ் எல்லாம் போகவேண்டும். அத்தனையும் பச்சைத்தண்ணீர் போலவே இருக்கும். எதை ஊற்றினோம், எதை விட்டோம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஊற்றியதும் பென்சிலால் டிக் அடியுங்கள். நடுவில் நண்பன் வந்து "டீக்குப் போலாமாடா?" என்றால், அன்றைக்குப் பிரைமர் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக் என்பது அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவின் நொதி. 95 டிகிரியையும் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பிசிஆர் மெஷினில் 30 சுற்றில் ஒரு டிஎன்ஏ துண்டு 107 கோடிக்கு மேல் பெருகவேண்டும். அது காகிதக் கணக்கு. 17ஆவது சுற்றில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. யூபிஎஸ் இருக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் யார் என்று தெரிந்துகொண்டு, அவரை அண்ணா என்று கூப்பிட இன்றே ஆரம்பியுங்கள்.

பிறகு ஜெல் ஓட்டி, புறஊதா வெளிச்சத்தில் வைப்பீர்கள். அளவு பார்க்க ஓட்டிய லேடர் மட்டும் பளிச்சென்று தெரியும், உங்கள் சாம்பிள் இருந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். இதற்குக் கலங்காதீர்கள். டிஎன்ஏவே போடாத நெகட்டிவ் கன்ட்ரோலில் அழகாக ஒரு கோடு வரும் பாருங்கள், அன்றைக்குக் கலங்கலாம். கைடு கேட்டால் "ஆப்டிமைஸ் பண்ணிட்டிருக்கேன் சார்" என்று சொல்லவும். ஆறு மாதம் வரை செல்லும்.

வீடு திரும்பினால் கீழ்வீட்டு மாமா ஜி9 வாழைப்பழத்தோடு காத்திருப்பார். "விதையே இல்ல பாரு, ஜீனை மாத்திட்டான்" என்பார். இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம், நிதானமாகச் சொல்லுங்கள். ஜி9 திசு வளர்ப்புக் கன்று, அதில் வெளி ஜீன் எதுவும் புகுத்தவில்லை. அவர் பாட்டி காலத்து பூவனுக்கும் ரஸ்தாளிக்கும்கூட விதை இல்லை. மூன்று தொகுதி குரோமோசோம் இருப்பதால் விதை பிடிக்காது, பக்கக்கன்றிலிருந்துதான் வளர்க்கவேண்டும். அதனால் ஒரு தோட்டத்து ரஸ்தாளி முழுக்க ஏறக்குறைய ஒரே மரம்தான். வாடல் நோய் வந்தால், ஒன்று தாங்காததை மற்றதும் தாங்காது. விதை இல்லாத பயிரை வழக்கமான முறையில் இனக்கலப்பு செய்து மேம்படுத்துவதும் சிரமம். இந்தத் தலைவலிக்கெல்லாம் 1993இலிருந்து திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தாயனூரில்.

மாமா முழுக்கக் கேட்பார், தலையும் ஆட்டுவார். "அது சரிப்பா, சுகருக்குப் பூவன் சாப்பிடலாமா?" என்பார். சாப்பிடுங்கள் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் ரிப்போர்ட்டோடு வந்து நிற்பார்.