தோளில் ஏறிய ஒலிவாங்கி

வாக்கி டாக்கியை இடுப்பிலேயே விட்டுவிட்டு, பேசுவதையும் கேட்பதையும் மட்டும் சுருள் கம்பி வழியே தோளுக்கு ஏற்றிவைக்கும் சிறு கருவியே ஸ்பீக்கர் மைக் எனப்படும். காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களின் ஆலை வாயில்களில் அது காதுக்காக அன்றி, காவலாளிக்குப் போலீஸ் களை தரும் தோற்றத்துக்காகவே வாங்கப்படுகிறதோ என்று ஐயுற இடமுண்டு. கிளிப்பின் மிடுக்கு முதலில் பார்க்கப்பட, இரட்டை முள் பிளக்கு, அதாவது 2.5 மி.மீ., 3.5 மி.மீ. தடிமனுள்ள இரு முனைகள், கையிலுள்ள கருவியின் துளைகளில் பொருந்துமா என்பது பெட்டியைப் பிரித்த பிறகே ஆராயப்படுகிறது.

இத்தகைய மைக்குகளில் காணும் ‘ஐபி 67’ என்ற குறியீட்டில் 6 தூசி புகாமையையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். வாயிற்காவலர் எவருக்கும் மூழ்கும் உத்தேசம் இல்லையெனினும் (ஐப்பசி மழையில் தொழிற்பேட்டைச் சாலைகளைக் கண்டவர்கள் இதை ஆடம்பரம் என்னத் துணியார்), அதுவே விரும்பிக் கேட்கப்படுகிறது. பிரஸ் மெஷின் இரைச்சலை மீறும் ஒலிவலுவோ, கையுறை விரலுக்கும் அகப்படும் பேச்சுப் பொத்தானோ கொட்டேஷனில் இடம்பெறுவதில்லையாதலால், குறைந்த விலைக்கு வந்த மைக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே காவலாளி பின்வாயிலை நோக்கி உரக்கக் கூவுகிறார். செய்தி அங்கே தெளிவாகவே போய்ச் சேர்கிறது.