கழுவேலியும் மனைக்கல்லும்

கேள்வி: கடலோரத்தில் வீட்டுமனைக்கு அனுமதி தரும்போது சதுப்புநிலம் தப்புமா? (வாசகர், வல்லம், செஞ்சி)

பதில்: விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியே இதற்கு விடை. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இந்த உவர்நீர் ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். கோடையில் வெடித்த வெறுந்தரையாகக் கிடக்கும் ஓரத்தைத் தரிசு என்று நினைத்துக் கல் நட்டால், ஐப்பசி மழையில் கல் நீருக்குள் நிற்கும். கடலோரச் சட்டத்தின் காப்பும் முழுமையானதல்ல: 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடம் விடச் சொல்கிறது. தனியார் நிலத்துக் காட்டுக்கு அதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை. வரத்துக்கால்வாயை அடைத்து மேட்டில் மனை போட்டாலும் ஏரி செத்துப்போகும். மனை வாங்குபவர் பத்திரத்தோடு நில அளவைப் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். அதில் ஓடை இருந்தால் அந்த மனை வேண்டாம்.