மடிநோய்க் கட்டுரைக்கு ஒரு பாயிரம்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றியபோது, நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். கால்நடை மருத்துவ ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதுவோர் அந்தப் பத்தையும் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் ‘அரைவ்’ வழிகாட்டி 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தியவர்களும், விடவே கூடாதவை என்று பத்தைத்தான் முன்னிறுத்தினார்கள். முனிவர் விலக்க வேண்டியதைச் சொன்னார். அரைவ் சேர்க்க வேண்டியதைச் சொல்கிறது. இரண்டும் கேட்பது ஒன்றையே: கட்டுரையைப் படிக்கிறவர், தான் கண்ணால் காணாத ஒரு மாட்டை அந்தப் பக்கங்களிலிருந்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கட்டுரையை மனத்தில் வைத்துக்கொள்வோம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசுவது, தமிழ்நாட்டில் கறவை மாடு வைத்திருப்போர் பலர் அறிந்த மடிநோய் மருத்துவம். மருந்தகத்துக்கு வரும் மாடுகளில் இதைச் சோதித்த ஒரு மருத்துவர், கண்டதை எழுதி இதழுக்கு அனுப்ப விரும்புகிறார். 1924 முதல் இந்திய கால்நடை மருத்துவ இதழ் வெளிவரும் நாட்டில் இது நல்ல விருப்பம். அவர் எங்கே தொடங்க வேண்டும்?

குன்றக் கூறலிலிருந்து தொடங்கட்டும். செய்முறைப் பகுதியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் குற்றம்தான். ‘கற்றாழைக் கலவை பூசப்பட்டது’ என்று எழுதினால் போதாது. கற்றாழை மடல் தோலோடு அரைபட்டதா, சோறு மட்டுமா? சுண்ணாம்பு நீர்த்ததா, கல்லா? பாலை முழுதும் கறந்து, மடியைக் கழுவிய பிறகு பூசினார்களா? ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள்? அதே நாட்களில் யாராவது நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார்களா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத கட்டுரையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது.

மருந்துக்குச் சொன்னதெல்லாம் மாட்டுக்கும் பொருந்தும். ‘கலப்பின மாடுகள்’ என்பது எதையும் சொல்லாத சொல். ஜெர்சிக் கலப்பா, ஹோல்ஸ்டீன் கலப்பா? எத்தனையாவது ஈற்று? கன்று போட்டு எத்தனை நாள்? எந்தக் காம்பு, முன்னா பின்னா, இடமா வலமா? கட்டுத்தரை மண்ணா, சிமெண்டா? ஆய்வகப் பகுதியிலும் இப்படித்தான். ‘3000 சுற்று வேகத்தில் சீரம் பிரிக்கப்பட்டது’ என்ற வரி எண்ணற்ற கட்டுரைகளில் இருக்கிறது. சுழலும் ரோட்டாரின் ஆரம் 10 செ.மீ. என்றால் அந்த வேகம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு விசை தரும், 15 செ.மீ. என்றால் 1500 மடங்கு. ஆகவே விசையை எழுத வேண்டும், அல்லது ஆரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

குன்றாமல் கூறுவது எப்படி என்று பார்க்க விரும்புவோர் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் வெளியிட்ட டெக்சாஸ் காய்ச்சல் அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். வேலியடைத்த நிலங்களில் ஒன்றில் உண்ணியோடு வந்த தென்பகுதி மாடுகள். இன்னொன்றில் கையால் உண்ணி பொறுக்கி நீக்கிய மாடுகள். வேறொன்றில் தென்பகுதி மாடே இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்லில் தூவியிருந்தார்கள். எந்த நிலத்தில் எந்த மாடு நின்றது, எது நோயுற்றது என்பதை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்கள். ஓர் உண்ணியினம் கால்நடைக்கு நோயைக் கடத்துகிறது என்று உலகம் நம்பியதற்கு அந்தக் கணக்கு பெரிதும் காரணம். நம் துறையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்களில் அவை சேரும் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த குற்றம் மயங்க வைத்தல். இங்கே சற்று நின்று பேச வேண்டும். கால்நடைக் கட்டுரைகள் வீழ்வது இந்த இடத்தில்தான், அதுவும் எழுதியவருக்கே தெரியாமல்.

50 மாடுகளைச் சோதித்தோம். மாட்டுக்கு 4 காம்பு. கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையை ஒவ்வொரு காம்பின் பாலிலும் செய்தோம். சுருக்கத்தில் மாதிரி எண்ணிக்கை 200 என்று எழுதலாமா? கூடாது. ஒரு மடியின் நான்கு பகுதிகளும் ஒரே வயிற்றில் சேர்ந்த தீவனத்தில் வாழ்பவை; ஒரே ஈரத்தரையில் படுப்பவை; ஒரே கை கறப்பவை. ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றதற்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அவற்றுக்கிடையே உள்ள ஒப்புமை 0.3 என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த 200 காம்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏறத்தாழ 105 காம்புகள் தரும் அளவுக்கே செய்தி தரும். 200 என்று நம்பிப் போட்ட பி மதிப்பு இல்லாத துணிவைக் காட்டும். இந்தப் பிழைக்கு ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இல் ‘போலி மறுபடியாக்கம்’ என்று பொருள்படும் பெயரை இட்டார்.

கறிக்கோழித் தீவன ஆய்வுகளில் இது இன்னும் கூர்மையானது. ஒரு கூண்டில் 20 குஞ்சுகள், ஒரே தொட்டித் தீவனம். தீவனம் கொடுக்கப்பட்டது கூண்டுக்குத்தான். ஆகவே தீவனத்தின் விளைவைப் பொறுத்தவரை கூண்டுதான் ஒன்று. குஞ்சுகளைத் தனித்தனியே எடை போட்டதால் அவை 20 ஆகிவிடுவதில்லை. தீவனத்துக்கு ஒரே கூண்டாக இரண்டு தீவனங்களை ஒப்பிட்ட ஆய்வை எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. எனவே ‘எதை ஒன்று என்று எண்ணினோம்’ என்ற வாக்கியத்தைச் செய்முறையில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், முதல் மாட்டைத் தொடுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த சிறு குற்றம் ஒன்று உண்டு. திட்ட விலக்கம் போட வேண்டிய இடத்தில் திட்டப் பிழையைப் போடுவது. 36 மாடுகள் என்றால் பின்னது முன்னதில் ஆறில் ஒரு பங்குதான். மாடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்ததாகத் தோன்றும். அட்டவணையின் கீழே எது என்று குறிப்பிடுங்கள்.

மிகைபடக் கூறல் முடிவுரையில் குடியிருக்கும். ‘30 மாடுகளில் பக்கவிளைவு எதுவும் இல்லை, ஆகவே மருந்து முற்றிலும் பாதுகாப்பானது.’ 30இல் சுழியம் என்றால், உண்மையான விகிதம் 10 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு; மூன்றை மாடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல்வரம்பு கிடைக்கும். அதே போல, மடிநோயில் ஒரு பங்கு மருந்தில்லாமலே தணியும், ஈ. கோலை கிருமியால் வருவதை மடி பெரும்பாலும் தானே வெளியேற்றிவிடும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘80 விழுக்காடு குணம்’ என்று எழுதினால், அதில் கற்றாழையின் பங்கு எவ்வளவு, மாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. நாட்டு மருத்துவத்தின்மேல் அன்புள்ளவர்கள்தான் இந்த ஒப்பீட்டை முதலில் கேட்க வேண்டும். நான் கேட்பது அந்த அன்பினால்தான்.

மாறுகொளக் கூறல்: சுருக்கத்தில் 40 மாடு, அட்டவணையில் 38. அந்த இரண்டு எங்கே போயின? ஒன்றை உரிமையாளர் சந்தையில் விற்றிருப்பார். ஒன்று வேறு நோயில் இறந்திருக்கும். களத்தில் இது நடப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதாமல் விடுவதுதான் குற்றம். காணாமல் போன மாடு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது சில நேரம் முடிவையே மாற்றும்.

மற்றொன்று விரித்தல் முன்னுரைக்கு உரியது. 2019இன் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் 53 கோடிக்கு மேல் கால்நடைகள் என்று தொடங்கி, பால்வளம், ஊரகப் பொருளாதாரம் என்று நடந்து, மூன்றாம் பக்கத்தில்தான் மடிக்கு வருவார்கள். முதல் பத்தியிலேயே மடிக்கு வரலாம். சென்று தேய்ந்திறுதலுக்கு இலக்கணம் ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்ற கடைசி வரி. எந்த ஆய்வு, எந்த மாட்டில், எதை அளந்து என்று சொன்னால் அதே வரிக்கு உயிர் வந்துவிடும்.

இனிப் பாயிரம். ஆக்கியவர் யார், எங்கே வழங்குவது, யார் கேட்பது, என்ன பயன் என்பன உள்ளிட்ட எட்டைச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் மரபு. காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. ஆய்விதழின் முகப்புப் பக்கமும் ஆசிரியருக்கு எழுதும் மடலும் கேட்பவை ஏறக்குறைய இவைதாம். காலத்தை மட்டும் வற்புறுத்துவேன்: மழைக்குப் பின் ஆடுகளின் குடற்புழு கூடும், ஆகவே மாதம் குறிக்காத குடற்புழுக் கட்டுரை பாதிக் கட்டுரை.

ஆக்கியோர் பட்டியலில் பணி, எழுத்து, இறுதி ஒப்புதல், பொறுப்பு நான்கிலும் பங்குள்ளவர்களே இருக்கலாம் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறி. துறைத்தலைவர் என்பது ஐந்தாவது தகுதி அன்று. உதைக்கும் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காம்பிலும் மாதிரி எடுத்த கால்நடைப் பராமரிப்பு உதவியாளருக்கு நன்றியுரையில் பெயர் சொல்லி இடம் கொடுங்கள். அவர் நான்கையும் நிறைவேற்றியிருந்தால் பட்டியலிலேயே கொடுங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் வழி அமைந்த நெறிக்குழுவின் அனுமதி தேவைப்பட்ட ஆய்வென்றால் அதன் எண், உரிமையாளரின் மாடென்றால் அவருடைய ஒப்புதல், இரண்டும் செய்முறையின் தொடக்கத்தில் வர வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கட்டுரையை உடன் பணியாற்றாத, வேறு மாவட்டத்து மருந்தகத்தில் இருக்கும் மருத்துவர் ஒருவரிடம் கொடுங்கள். நாளை காலை மடிவீக்கத்தோடு ஒரு மாடு வந்தால், இந்தத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு கலவையை அரைத்துப் பூச முடியுமா என்று கேளுங்கள். அவர் பேனாவை எங்கெல்லாம் நிறுத்துகிறாரோ அந்த வரிகளைத் திருத்திய பிறகு இதழின் வாயிலில் பதிவேற்றலாம்.