பிக்கப் எனும் வினை: ஒரு மட்டாஞ்சேரிக் கள ஆய்வு

ஆங்கிலேயர் சிக்கனக்காரர்கள். மொழி, காய்ச்சல், ரயிலடியில் பெட்டியோடு நிற்கும் மாமியார் மூன்றையும் 'பிக்கப்' என்ற ஒரே வினையால் எடுத்துவிடுவார்கள். நாமோ மொழியைப் பழகுகிறோம், காய்ச்சல் தொற்றிக்கொள்கிறது, மாமியாரை அழைத்துவருகிறோம். கடைசி இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

ஆய்வுக் களம்: கொச்சி, மட்டாஞ்சேரி பஜார் சாலை. கருவி: ஒரு கட்டன் சாயா. திரட்டிய பொருள்கள் வருமாறு.

ஒன்று, வண்டி. மிளகு மூட்டை ஏற்றும் பொலேரோ பிக்கப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது மகிந்திரா நிறுவனம் 'சி'யை விட்டுவிடுகிறது. சுமைக்கென்றே பிறந்த வண்டிக்கு ஓர் எழுத்து கனத்திருக்கிறது.

இரண்டு, விசை. தோப்பும்படிப் பாலத்தில் ஆட்டோ முக்கினால் அதற்குப் 'பிக்கப் இல்லை'.

மூன்று, சந்தை. 1957 முதல் மிளகில் முன்பேர வணிகம் நடந்த ஊர் இது. விலை நிமிர்ந்தாலும் பிக்கப்.

நான்கு, கைபேசி. கடன் கொடுத்தவர் அழைத்தால் பிக்கப் ஆகாது.

தமிழர் இதற்குச் சிரிக்கலாகாது. நமக்குப் பசி எடுக்கிறது, படம் எடுக்கிறோம், பெண் எடுக்கிறோம், வாந்தியும் எடுக்கிறோம். ஆனால் நம் 'எடு'வோடு திசை காட்டும் தனிச்சொல் கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் 'அப்' என்று மேலே கைகாட்டும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த 'அப்'பைச் சந்தேகிக்க வைப்பது ஐந்தாவது பொருள். ஒருகாலத்தில் கொச்சித் துறைமுகத்தில் ஆளெடுப்பவர் 'சாப்பா' எனும் உலோக வில்லைகளைக் கூலிகளின் கூட்டத்துக்குள் வீசுவார். முட்டிமோதிப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. அம்முறையை எதிர்த்த போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். வில்லையைப் பொறுக்குவதற்கும் ஆங்கிலத்தில் பிக்கப் என்றே பெயர்.

ஆய்வு முடிவு: எதை மேலே எடுக்கவும் முதலில் ஒருவர் குனிந்தாக வேண்டும். இலக்கணம் 'அப்'பைக் குறித்துக்கொண்டது. குனிந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

இக்கண்டுபிடிப்பை, தலையில் மூட்டையோடு வந்த சுமட்டுத் தொழிலாளியிடம் விளக்கத் தொடங்கினேன்.

"மாறி நில்லு சாரே" என்றார்.