பாரிசுப் பனியனும் பக்கத்தூருக் கோப்பையும்

ஏங்கண்ணு, சித்தெ இப்படித் திண்ணையில உக்காரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டச் செவந்து கெடக்குதே? ராத்திரி ஒண்ணரை மணிக்குப் பிரான்சுக்காரன் பந்து ஆடுனானாக்கும்? நீ முழிச்சிருக்கலைன்னா அவன் கோல் போடமாட்டேன்னு சொல்லிப்போட்டானா?

பனியனைப் பாரு. பாரிசு டீமாமா. முதுகுல நெய்மார் பேரு. தெச்சது திருப்பூருன்னு உங்கம்மா சொன்னா. நெய்மார் அந்த டீமை உட்டுப் போயே வருசமாச்சு. சாயம் போகற வரைக்கும் போடு சாமி, நான் வேண்டாங்கலை.

ஆனா அந்த டீமு பவுசைப் பேசறியே, ஒரு கதை கேளு. 2011ல கத்தார்க்காரங்க பாரிசு டீமை வாங்குனாங்க. காசைத் தண்ணியா எறைச்சாங்க. அடுத்த வருசம் மே மாசம் கோப்பை ஆருக்குப் போச்சு? மோம்பெலியேங்கற டீமுக்கு! அதுவரைக்கும் ஒருக்காக்கூட லீக் கோப்பையத் தொடாதவங்க. மொதலாளி லூயி நிக்கோலான். குப்பை அள்ளற கம்பெனி நடத்துனவரு. அவங்களுக்கு 82 புள்ளி, பாரிசுக்கு 79.

கடைசி ஆட்டம் ஓசேர் ஊர்ல. தங்க டீமு கீழ் லீக்குக்கு எறங்கிப்போச்சுங்கற கடுப்புல அந்த ஊர்ச் சனம் டென்னிஸ் பந்தையும் காகிதச் சுருளையும் உள்ள எறிஞ்சுது. ஆட்டம் நின்னு நின்னு ஓடுச்சு. செயிச்சதும் நிக்கோலான், சொன்ன சொல்லுக்காக, 68 வயசுல மண்டையச் செரைச்சு நடுவால சேவக்கொண்டை வெச்சுக்கிட்டாரு. அதுக்கு டீமுச் சாயம் வேற, நீலமும் ஆரஞ்சும். கிறுக்குத்தான். ஆனா வாக்கைக் காப்பாத்துன கிறுக்கு.

செரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். 2019 மார்ச் 9ந்தேதி நீ எங்கிருந்தே?

என்ன முழிக்கறே? அன்னிக்குக் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஐ-லீக் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி டீமு. பேருதான் சென்னை, குடித்தனம் நம்ம கோயமுத்தூர்ல. எதுத்தாப்புல மினர்வா பஞ்சாப். இவங்க சறுக்குனாக் கோப்பையத் தூக்கிக்கலாம்னு கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கிட்டிருக்கு. மூணாவது நிமிசத்துலயே பஞ்சாப்காரன் கோல் போட்டுட்டான். அந்நேரம் வயித்துல புளி கரைச்சிருக்குமா இல்லையா?

பொறவு பெட்ரோ மான்ஸி பெனால்டியில ஒண்ணு போட்டான். கோல் உழுகாம மறிக்க வேண்டிய கௌரவ் போரா, முன்னால போயி ரெண்டு போட்டான். 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் செயிச்சுது. ஆனா என்ன? இவங்களுக்கு 43, அவங்களுக்கு 42. ஒரே புள்ளி! பாவுல ஒரு இழை அறுந்தாத் தறி நின்னுபோகுதல்ல, அந்த ஒரு இழை. கோச்சு அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரரு. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் மொதல் தடவை. மோம்பெலியேயில ஜிரூ அந்த வருசம் 21 கோல் போட்டான்னு ஒப்பிப்பியே, நம்ம மான்ஸியும் அந்த சீசன்ல 21தான். அது தெரியுமா உனக்கு?

கருமத்தம்பட்டியில பஸ்ஸேறுனா அவிநாசி ரோட்டுல நேராப் போகலாம். பக்கத்தூட்டுல கண்ணாலம் நடக்கறப்பக் கதவைச் சாத்திக்கிட்டு, டீவியில எவனோ கண்ணாலத்தைப் பாத்தவனை என்னன்னு சொல்லறது?

இப்பப் போயித் தேடாதே. 2021-22 ஐ-லீக்லயே அந்த டீமு இல்லை. மோம்பெலியேயும் 2025ல கீழ எறங்கிப்போச்சு. கோப்பை ஒரம்பரையாட்ட. வந்தப்பவே வாங்கன்னு கூப்பிடோணும். போனதுக்கப்புறம் எலை போட்டு என்ன புண்ணியம்?

என்ன சிரிக்கறே? நான் போனனான்னு கேக்கறியா? போகலை கண்ணு. தறி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆனா நான் பாரிசுப் பனியனும் போட்டுக்கலையே!

ஞாயித்துக்கெழமை தறிக்குடோனுக்குப் பின்னால பொடிப்பசங்க ஆடறானுங்க. போயி நின்னு பாரு. அந்தப் பனியனையே போட்டுக்கிட்டுப் போ. அவனுங்களுக்குக் கோல் கம்பம் இல்லை. ஒரு பக்கம் கல்லு இருக்குது. கழட்டி இன்னொரு பக்கம் வெச்சீன்னா அடையாளத்துக்கு ஆகும்.