கோடிட்ட இடத்தில் தோற்பவர் யார்?

ஆங்கில வினாத்தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற பகுதியில் மதிப்பெண் சரிந்தால், பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோற்றது பிள்ளையல்ல, வினாத்தாளில் இருக்கும் பத்திதான் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். முதற்சான்று வரலாறு. 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் 'க்ளோஸ்' என்ற முறையை அறிமுகம் செய்தார். உரையில் கணக்கு வைத்துச் சில சொற்களை அடித்துவிட்டு வாசகரை ஊகிக்கச் சொல்வார். பலரும் சரியாக ஊகித்தால் எழுத்து எளிது, திணறினால் கடினம். அங்கே மதிப்பெண் வாங்கியது எழுத்து. வாசகர் வெறும் அளவுகோல். அளவுகோலைப் பெஞ்சு மேல் ஏற்றும் வழக்கம் பிறகு வந்தது.

'1897லேயே உளவியலாளர் எபிங்ஹாஸ் பிரெஸ்லாவ் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடுபட்ட உரையைக் கொடுத்து நிரப்பச் சொன்னாரே' என்று மறுப்பார்கள். சொன்னார். ஆனால் நகர நிர்வாகம் அறிய விரும்பியது, காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் களைத்துப்போவார்களா என்பதை. குற்றவாளிக் கூண்டில் நின்றது கால அட்டவணை. அந்தத் தேர்வு கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் காட்டியதும் உண்மை. நம் வாதத்துக்கு இடைஞ்சலான இச்செய்தியை அடிக்குறிப்பில் தள்ளியிருக்கலாம், அடிக்குறிப்புக்கு இடமில்லை. 'நான்கு சொற்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பிறகும் தவறினால்?' என்பது அடுத்த மறுப்பு. 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டுக்கும் வலிமை என்றே அகராதி சொல்லும். ஆனால் டீக்கு முன்னது, காருக்குப் பின்னது என்று மொழியியலாளர் ஹாலிடே 1966இல் காட்டினார். கோடிட்ட இடம், பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்த இருக்கை. துண்டு யாருடையது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். கோட்டுக்கு முன் 'ஆன்' இருந்தால் உயிரொலியில் தொடங்கும் சொல்லென்று அந்தப் பக்கத்துச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடும். 'மேரீட்' அவ்வளவு தாராளமில்லை: இன்னாருடன் திருமணம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'வித்' எழுத, ஆங்கிலமோ 'டு'வுக்குத் துண்டு போட்டிருக்கிறது. 'ஆர்க்யுமென்ட்' வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு முன் ஸ்ட்ராங்கும் வரும், பவர்ஃபுல்லும் வரும் என்று ஹாலிடேயே ஒப்புக்கொள்கிறார். இரண்டும் விடைப்பட்டியலில் இருந்தால் பிள்ளை ஆங்கிலத்தை விட்டு வினா எடுத்தவரின் மனத்தைப் படிக்க வேண்டியதுதான்.

கடைசிச் சான்று கணினியிடமிருந்து. 2018இல் கூகுள் வெளியிட்ட 'பெர்ட்' என்ற மொழி மாதிரி இதே பயிற்சியில் வளர்ந்தது. நூற்றுக்கு 15 இடங்களைக் குறித்துவைத்து, பெரும்பாலானவற்றை மறைத்து ஊகிக்கச் சொன்னார்கள். அது தவறியபோது யாரும் முட்டி போட வைக்கவில்லை, மேலும் வாக்கியங்களைக் காட்டினார்கள். அப்படிக் காட்டியது சுமார் 330 கோடிச் சொற்கள். நம் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறு வரி, அதிலும் ஐந்து இடம் கோடு. சாட்சியை மறைத்தவர் தீர்ப்பும் எழுதுவது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. ஆகவே இப்பகுதிக்கான மதிப்பெண் அட்டையை இனி வினா எடுத்தவர் பெயரிலேயே வழங்கி, அவர் வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்ல வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.