பல்லப் புடிச்சுப் பாரு கண்ணு

வா சாமி, உக்காரு. நாலே முக்கால் லட்சத்துக்கு லேப்டாப்பு வாங்கப் போறியாமா? உங்கம்மா பொழுது விடியறதுக்குள்ள போன் பண்ணிச் சொல்லிப்போட்டா. "விடு ஆத்தா, சம்பாரிக்கிற பையன், வாங்கிட்டுப் போறான். நாம எருமை வாங்கறப்ப அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டமா?"ன்னு சொல்லிப் போன வெச்சேன். அதனால நான் உன்ற கட்சிதான். தடுக்கறக்குக் கூப்புடல. எப்பிடி ஏமாறப் போறோம்னு மின்னாடியே தெரிஞ்சுக்கிட்டா மனசுக்கு ஒரு ஆறுதலு, அதுக்குத்தான் கூப்புட்டேன்.

"அப்பிச்சி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது"ங்கற. நெசந்தான், எனக்கென்னத்தத் தெரியும்? பொள்ளாச்சிச் சந்தைல மாட்டுத் தரகு பாத்தவன். ஆனா ரேக்ளா பாக்கலாமுன்னு யூடியூப்ப வெச்சா, அது பாட்டுக்கு அடுத்ததா ஒரு பையன் 18 இஞ்சு லேப்டாப்ப அக்கட்டயும் இக்கட்டயும் திருப்பித் திருப்பிக் காட்டறான். மூடியத் தட்டறான், கீழ தூக்கிப் பாக்கறான், தடவிக் குடுக்கறான். அட, இவனும் நம்ம தொழில்தான்டான்னு உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். உங்கம்முச்சி தூங்கப் போனதுக்கப்பறம் எனக்கு வேற என்ன சோலி?

மொதல்ல பேரு. என்விடியா கிராபிக்ஸு சில்லு 5090, 5090-ன்னு சொல்றியே, அந்தப் பேருல ரெண்டு உருப்படி இருக்குது. டெஸ்க்டாப்புக்குன்னு 2025-ல வந்த 5090-ல கோரு மட்டும் 21,760. கரண்டு 575 வாட்டுத் திங்கும், மெமரி 32 ஜிபி. அதே வருசம் லேப்டாப்புக்குன்னு வந்த 5090-ல கோரு 10,496. பாதிகூட இல்ல கண்ணு. மெமரி 24 ஜிபி. கரண்டு மிஞ்சி மிஞ்சிப் போனா 175 வாட்டு. உள்ள இருக்கற சில்லு, டெஸ்க்டாப்பு 5080-க்குப் போடறாங்களே, அந்தச் சாதி. பொய் சொன்னான்னு கேசு போட முடியாது. பேருக்குப் பின்னாடி 'லேப்டாப் ஜிபியு'ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். காங்கேயம்னு சொல்லிக் கன்னுக்குட்டியப் புடிச்சுக் குடுத்தவன நான் கேட்டிருக்கேன். "காங்கேயம்னுதானுங்க சொன்னேன், காளைன்னா சொன்னேன்?"ன்னான். அந்த ரகம் இது.

சரி, கன்னுக்குட்டின்னே வெச்சுக்குவோம். அதுலயும் தீனி தின்னது, திங்காததுன்னு இருக்குதில்ல? ஒரே 5090-க்கு 95 வாட்டுல இருந்து 150 வாட்டு வரைக்கும் எவ்வளவு வேணா குடுக்கலாம்னு என்விடியாக்காரன் சொல்லிட்டான். லேப்டாப்பு செய்யறவன் இஷ்டம். அதுக்கு மேல ஒரு 25 வாட்டு, பிராசசரு வாயில இருந்து புடுங்கி கிராபிக்ஸுக்குக் குடுக்கறது. ஆக 95-லயும் 5090, 175-லயும் 5090. ரெண்டு பெட்டிலயும் ஒரே ஸ்டிக்கரு. மெல்லிசா, கைக்கு அடக்கமா, கண்ணுக்கு லட்சணமா இருக்கறதப் பாத்து நீ வாயப் பொளப்ப. அதுக்குள்ள வாட்டு கம்மியா இருந்தா, தடிப்பா அசிங்கமா இருக்கற 175 வாட்டு 5080 பக்கத்துல வந்து நின்னுக்கும், சில ஆட்டத்துல தாண்டியும் போயிரும். காசு மட்டும் 5090 காசு. அதனாலதான் சொல்றேன், நெத்தில இருக்கற சுழியப் பாக்காத, வாயத் தொறந்து பல்லப் பாரு. லேப்டாப்புக்குப் பல்லு வாட்டுதான். கடைக்காரங்கிட்ட "இதுல கிராபிக்ஸு எத்தன வாட்டு?"ன்னு கேளு. "டாப் எண்டு சார்"னான்னா, அவனுக்குத் தெரியலன்னு அர்த்தம். இல்ல நெம்ப நல்லாத் தெரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம்.

வாட்டச் சொல்லிட்டான்னு உடனே கைய நீட்டிராத. மடி கட்டறதுன்னு ஒண்ணு இருக்குது. சந்தைக்கு மொத நா ராத்திரி பால் கறக்க மாட்டான். விடிய மடி பெருத்து, காம்பு நெட்டுக் குத்தி நிக்கும். வாங்கினவன் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயிக் கறந்தா மறுநா பாதிதான் இருக்கும். இந்த லேப்டாப்பும் ஆறிக் கெடக்கறப்ப மொத ஒரு நிமிசம் பொளந்து கட்டும். கடைல உனக்கு ஓட்டிக் காட்டறது அந்த ஒரு நிமிசம். சூடு ஏற ஏற, 100 டிகிரிய ஒட்டிப் போச்சுன்னா, தன்னால வேகத்த எறக்கிக்கும். அப்ப என்ன பண்ணோணும்? 3டிமார்க்குன்னு ஒரு சாப்டுவேரு இருக்குதாமா. அதுல ஸ்ட்ரெஸ் டெஸ்டுன்னு ஒண்ணு, ஒரே காட்சிய 20 தடவ சுத்தி உடும். கடைசி வரைக்கும் 97 சதவீதம் நிலையா நின்னாத்தான் பாசு. சுத்தி முடியறப்ப ஹெச்டபுள்யூஇன்ஃபோங்கறதுல வாட்டு எத்தனைல நிக்குது, சூடு எத்தனைல நிக்குதுன்னு பாரு. மொதல்ல எத்தனைன்னு எவனும் சொல்லுவான். முப்பது நிமிசங் கழிச்சு எத்தனைங்கறதுதான் வெலை.

இதுலயும் ஒரு சூச்சுமம் இருக்குது கண்ணு. அந்த யூடியூப்புப் பையன் 22 டிகிரி ஏசி ரூம்புல உக்காந்து ஓட்டறான். நீ ஓட்டப்போறது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மேல் ரூம்புல, சித்திர மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு. அங்க 38 இருக்கும். அந்த 16 டிகிரியும் அப்பிடியே சில்லு தலைல போயி உக்காரும். அவன் சொன்ன மார்க்கு உனக்கு வராது. மார்க்கு வரலைன்னு லேப்டாப்பத் திட்டாத, கூரையப் பாரு.

தூசியச் சொல்ல மறந்துட்டேன். நம்மூருல மூணு பக்கமும் தென்ன நார் மில்லு. போன மாசம் சர்வீஸ் கடைல ஒரு பையனோட லேப்டாப்பு அடிமூடியக் கழட்டி வெச்சிருந்தாங்க. ஃபேனு ரெக்கைல ஒண்ணும் பெருசா இல்ல, லேசாச் செம்மண் நெறத்துல படிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். "சுத்தமாத்தானே இருக்குது"ன்னேன். மெக்கானிக்கு சிரிச்சுப்போட்டு ஃபேன அக்கட்ட நவுத்திக் காட்டினான். ஃபேனுக்கும், சூடு வெளிய போற செம்புத் தகடு வரிசைக்கும் நடுவால, நார்த் தூசி படலமா அடைஞ்சு நின்னுச்சு. கிடுக்கில ஒரு மூலயப் புடிச்சு இழுத்தான், முழுசா ஒரே துண்டா வந்துச்சு. தகட்டுப் பதிவுகூட அதுல வரி வரியா இருந்துச்சு. அந்தப் பையன் "கேமு ஸ்லோவாகுது, விண்டோஸு மாத்திக் குடுங்க"ன்னு கேட்டு வந்திருக்கான்! நீ வாங்கறது எதுவா இருந்தாலும், அடிமூடியக் கழட்டி ஃபேன் வரைக்கும் கை போகுமான்னு பாத்துக்கோ. இன்னொண்ணு, நீயாத் தொறக்கறதுக்கு மின்னாடி உள்ள லிக்விடு மெட்டல் தடவியிருக்குதான்னு கேளு. அது கரண்டு பாயற உலோகம், ஓடும். சில்லுக்கு மேல இருக்கற வரைக்கும் நல்லது. பலகைல ஒரு சொட்டுச் சிந்துச்சுன்னா போச்சு. ஃபேனத் தொடைக்கலாம், அதைய நோண்டப்படாது.

என்ன சிரிக்கற? "ஃப்ரேமு 240 வருது அப்பிச்சி"ங்கறயா? எந்த 240? 2025 சனவரில லாஸ் வேகாஸ் மேடைல, என்விடியா மொதலாளி ஜென்சன் ஹுவாங்கு பளபளன்னு தோல் சட்டை போட்டு நின்னு, 549 டாலரு 5070-ல பழைய 4090 வேகம் வரும்னாரு. ஏஐ இல்லாம முடியாதுன்னு அவரே சொல்லியும்போட்டாரு. சூட்டிகையான மனுசன். விசயம் என்னன்னா, நாலு படத்துல ஒரு படத்தத்தான் சில்லு நெசமாலுமே வரையுது. மூணு, "இப்பிடித்தான் இருக்கும்"னு ரோசிச்சுப் போடறது. கண்ணுக்கு வழுவழுன்னு இருக்கும், நான் குத்தஞ் சொல்லல. ஆனா நீ பட்டனத் தட்டினா துப்பாக்கி வெடிக்கறது அந்த ஒரு படத்தோட கணக்குலதான். அதனால ஃப்ரேம் ஜெனரேசன நிறுத்திப்போட்டு எத்தன வருதுன்னு கேளு. கேக்கறப்ப அவன் மூஞ்சியப் பாத்துக்கோ.

திரை? நல்ல திரைதான் சாமி, அதுல பெருசாப் பேச ஒண்ணுமில்ல. 2560-க்கு 1600, 240 ஹெர்ட்ஸ் போதும். மினி எல்இடி இருந்தா இருட்டுக் காட்சி நல்லாருக்கும். 18 இஞ்சு 2023-லதான் திரும்பித் தலை எடுத்துச்சு. ஸ்ட்ரிக்ஸ் ஸ்காரு, ஏலியன்வேரு, ஹீலியோசுன்னு ஆளாளுக்கு ஒண்ணு. அதுக்கு மின்னாடி 2017-ல ஏசருக்காரன் வளைஞ்ச திரை போட்டு 21 இஞ்சுல ஒண்ணு வித்தான். எட்டு கிலோவுக்கு மேல, 8,999 டாலரு. அதுக்கும் லேப்டாப்புன்னுதான் பேரு. எவன் மடில வெச்சானோ தெரியல.

ஒன்னோடது மூணு, மூணரை கிலோ வரும். 330 வாட்டுச் சார்ஜரு தனியா ஒரு கிலோக்கு ஒட்டி. பொள்ளாச்சி-கோயமுத்தூரு பஸ்ஸுல நின்னுட்டுப் போறப்ப தெரியும் சங்கதி. உன்ற பழைய பேக்குல நொழையாது, அதுக்கொரு பேக்கு வாங்கோணும். "பேட்டரி இருக்குதே"ங்காத. எந்தப் பெரிய லேப்டாப்ப எடுத்தாலும் பேட்டரி 99 வாட்-அவர் சொச்சம்தான். ஏன்னா 100-க்கு மேல போனா ஏரோப்ளேனுல பர்மிசன் கேக்கோணும். 300 வாட்டுத் திங்கற மிசினுக்கு 99 எத்தன நேரம் வரும்? நீயே இஞ்சினியரு, கணக்குப் போடு. அதனாலதான் ஒயரப் புடுங்கின ஒடனே தன்னால சோம்பிப் போயிப் படுத்துக்குது. இது கட்டுத்தரைல கட்டிப்போட்டு வளக்கற உருப்படி. ஓட்டிட்டுப் போயி மேய்க்கறதல்ல.

கரண்டு பில்லு பத்தி உங்கம்மா வெசனப்பட வேண்டாம்னு சொல்லு. தெனம் நாலு மணி நேரம் 300 வாட்டு ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட்டு. கவர்மெண்டு சும்மாக் குடுக்கற 100 யூனிட்டுல முக்கால்வாசிய நீ வெளையாடியே தீத்துருவ. மிச்சம் 28 யூனிட்டு இருக்குது, அதுல ஊடு நடத்திக்கலாம்.

வெளையாட்டில்ல, இதக் கேளு. மேல் ரூம்பு பிளக்குல மூணாவது ஓட்டை இருக்குதே, அதுக்குப் பின்னாடி ஒயரே கெடையாது. வீடு கட்டறப்ப எர்த்துக் குழி வேண்டாம்னு உங்க தாத்தன் மிச்சம் புடிச்சாரு. இரும்பு, அலுமினிய மூடி போட்ட லேப்டாப்ப அதுல சொருகினா, கை வெச்ச எடம் சுருசுருங்கும். டெஸ்டரு வெச்சா லைட்டு மினுக்கும். சாக அடிக்காது, ஆனா எந்நேரமும் கடுப்படிக்கும். நாலே முக்கால் லட்சத்த எடுக்கறதுக்கு மின்னாடி ஒரு எலக்ட்ரீசியனக் கூப்புட்டுக் குழி வெட்டி, அந்த ஓட்டை வரைக்கும் ஒயரு இழுக்கச் சொல்லு. வீட்டுக்கும் நல்லது.

இப்ப சொல்லு, இத்தன ஆர்ப்பாட்டத்துக்கும் நீ வெளையாடறது என்ன? வாலரண்ட்டா! அதுக்கு 2016-ல வந்த 1050 டிஐ போதும், 144 ஃப்ரேமு வரும்னு அந்த ஆட்டத்தச் செஞ்ச கம்பெனியே போட்டிருக்கான். சரி சரி, மூஞ்சியத் தூக்காத. சைபர்பங்கும் வுகாங்கும் வெளையாடுவ, வேலைக்கும் ஏஐ மாடலு ஓட்டோணும். பாதி வாரம் கோயமுத்தூரு ரூம்பு, பாதி வாரம் இங்க. ரெண்டு எடத்துல டெஸ்க்டாப்பு வெக்க முடியாதுதான். ஒரே எடத்துல இருக்கறவன் இத வாங்கினா மசையன்னு சொல்லுவேன். உன்ன அப்பிடிச் சொல்ல மனசு வரல. ஆனா 5090 வேண்டாம். 175 வாட்டு முழுசாக் குடுக்கற 5080, தடிப்பானதாப் பாத்து எடு. மெமரி 16 ஜிபிதான். உன்ற ஏஐ மாடலு அதுக்குள்ள அடங்காதுன்னா மட்டும் 24-க்குப் போ, வெளையாட்டுக்குன்னு போகாத. மிச்சமாகற காசுல எர்த்துக் குழி, பேக்கு, ஒரு நல்ல டேபிள் ஃபேனு.

கடைக்குப் போறன்னிக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. 4,75,000-த்துல 72,000-த்துச் சொச்சம் ஜிஎஸ்டியே போயிருது, அதுல அவன் கொறைக்க முடியாது. மிச்சத்துலதான் நம்ம வேல. சந்தைலன்னா துண்டப் போட்டு மூடி வெரலப் புடிச்சுப் பேசுவோம், அவன் வெலை அக்கம்பக்கத்தானுக்குத் தெரியாது. இங்க துண்டு ஆகாது. அதுக்குப் பதிலா நீ பில்லு போடற எடத்துக்கு வராம தள்ளி நின்னுக்கோ. புடிச்சிருக்குன்னு உன்ற மூஞ்சில ஒருக்கா பாத்துட்டான்னா, எலி மேட்டுகூட எச்சாக் குடுக்க மாட்டான்.